சிங் என்றால் எந்த சிங்?

1

ஹரிஸ் பார்க் மிட்டாய்க் கடை வாசலில், கையில் சூடான ஜிலேபியோடு நின்றுகொண்டு, விஜி மேடம் என் அப்பாவின் ஜாதியைக் கேட்டார்.

நேராகக் கேட்கவில்லை. நம் ஆட்கள் என்றைக்கு நேராகக் கேட்டிருக்கிறார்கள்? முதலில் சிட்னிக் குளிர். அப்புறம் வீட்டுக்கடன் வட்டி. அப்புறம் என் அம்மாவுக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம்தானே என்று ஒரு சுற்று. அம்மா பக்கத்தை ஏற்கெனவே விசாரித்தாகிவிட்டதாம். அவர்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் அங்கே இருக்கிறாராம். எனக்கே தெரியாத என் தாய்வழிச் சொந்தங்களை எல்லாம் அந்த மனுஷர் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அம்மா சைடு ஒண்ணும் பிரச்சினை இல்லை, குர்மீத். அப்பா சைடுதான் பிடிபடலை. சர்தார்லயும் உள்ளுக்குள்ள நிறைய இருக்காமே? உங்கப்பா சிங்னா, எந்த சிங்?"

விஜி மேடத்தின் மகன் கார்த்திக்கும் என் மகள் நிலாவும் யுனிவர்சிட்டியில் ஒன்றாகப் படித்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று அவர்களாகவே முடிவு செய்து, எங்களிடம் தகவல் மட்டும் சொன்னார்கள். இந்த நாட்டில் அப்படித்தான். எனக்கும் அதில் வருத்தம் இல்லை. கார்த்திக் நல்ல பையன் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் நார்த்மீட் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து என் ராஜ்மாவை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்க ஆன்ட்டி, வெளிய சாப்பிட்டா திட்டுவாங்க" என்பான். செல்லப் பிள்ளை, அம்மாவுக்குப் பயப்படுகிறது என்று சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஜிலேபி பாகு என் விரலில் வழிந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2

அப்பா ஜலந்தரிலிருந்து கோயம்புத்தூருக்கு வந்து லாரி உதிரி பாகங்கள் கடை வைத்த பஞ்சாபி. தமிழைக் கடையிலேயே கற்றுக்கொண்டவர். கோவைத் தமிழ் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' போடுவார். தெருநாய் குறுக்கே படுத்திருந்தால் அதையும் "போங்க, போங்க" என்றுதான் விரட்டுவார். அம்மா அவரை நம்பி வீட்டை விட்டு வந்தவள். அதனால்தான் அம்மா பக்கத்துச் சொந்தம் யாரையும் எனக்குத் தெரியாது.

விஜி மேடத்தின் கேள்வி அப்பாவுக்குப் புதிதல்ல. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் கேட்பார். பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் கேட்பார். கடையில் கிளட்ச் பிளேட் வாங்க வருகிறவர்கூடக் கேட்பார்.

"சிங்."

"சிங்னா?"

"சிங்னா சிங்குங்க."

அதற்கு மேல் ஒரு எழுத்து வாங்க முடியாது. இந்தப் பதிலால் ராம்நகரில் ஒரு நல்ல வீடு கைநழுவிப் போனது. கிணறு, கொல்லை, மாடிப்படியோடு இருந்த வீடு. அம்மா அழுதே விட்டாள். ஏதாவது ஒன்றைச் சொல்லித் தொலைத்தால் என்ன குறைந்துபோகும் என்று சண்டை பிடித்தாள். யாரும் யாரையும் இந்தக் கேள்வி கேட்கக் கூடாது என்றுதானே குரு எல்லாருக்கும் ஒரே பெயரை வைத்தார், நான் பதில் சொன்னால் அவர் செய்ததெல்லாம் வேஸ்ட்டுங்க, என்றார் அப்பா. பெண்டாட்டிக்கும் 'ங்க'தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைக் குருத்வாராவுக்குக் கூட்டிப்போவார். எனக்கு அங்கே பாட்டும் புரியாது, படிப்பதும் புரியாது. லங்கர் மட்டும் புரியும். லங்கர் என்றால் வந்தவர் எல்லாருக்கும் போடுகிற சாப்பாடு. தரையில் வரிசையாக உட்கார வேண்டும். பருப்பைத் தட்டில் ஊற்றுவார்கள், ஆனால் ரொட்டியைத் தட்டில் போட மாட்டார்கள். இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினால்தான் போடுவார்கள். மில் முதலாளியும் நீட்டுவார், அவர் காரைத் துடைக்கிறவரும் பக்கத்திலேயே உட்கார்ந்து நீட்டுவார். குருவைப் பார்க்க வந்த பாதுஷாவையே முதலில் பந்தியில் உட்காரவைத்துச் சாப்பாடு போட்ட பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. முதலில் பந்தி, அப்புறம்தான் பேச்சு. எங்கள் வீட்டிலும் அதுதான் சட்டம். கடன் கேட்டு வந்தவனும் சரி, சண்டைக்கு வந்தவனும் சரி, சாப்பிட்ட பிறகுதான் வாயைத் திறக்கலாம்.

3

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எழுதியே வைக்கிறேன், ஊரில் இருக்கிறவர்கள் படித்துவிட்டு வருத்தப்பட்டுக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் இருந்தது. இங்கே வந்து பக்தர்களைப் பார்க்கப் பார்க்கப் போய்விட்டது. ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குக் காரில் போகும்போதே வேண்டுதல் பட்டியல் ஆரம்பிக்கும். பி.ஆர். விசா கிடைக்கணும், அதுக்குப் பாயின்ட் ஏறணும், பிள்ளை பரீட்சை பாஸாகி செலக்டிவ் ஸ்கூல்ல சேரணும். பெருமாளை முழுநேர மைக்ரேஷன் ஏஜென்ட் ஆக்கிவிட்டார்கள். விசா வந்தால் அர்ச்சனை, வராவிட்டால் வேறு சாமி. சீக்கியர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு தடவை இங்கே குருத்வாரா சமையல்கட்டில் மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த பஞ்சாபி அம்மா என் அப்பாவின் கிராமம் எது, குடும்பப் பெயர் எது என்று விசாரித்தார். வெறும் சிங்தான் என்றேன். "வெறும் சிங்கா?" என்றபடி தன் பலகையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தலைக்கு மேலே குருவின் படம் தொங்குகிறது. குரு வாரிக் கொட்டிய குப்பையை இவர்கள் பொறுக்கி, பெட்டியில் அடுக்கி, கஸ்டம்ஸில் மாட்டாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். ஒரு ஆப்பிளைக் கொண்டுவந்தால் பிடித்து அபராதம் போடுகிறான் ஆஸ்திரேலியாக்காரன். இதைப் பிடிக்க அவனிடம் நாய் இல்லை.

பக்கத்து வீட்டுப் புஷ்பம் அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினால் அவர் சிரிக்கிறார். "எங்கட ஆக்கள் சாதி கேக்கவே மாட்டினம், பிள்ளை. ஊரைக் கேப்பினம். பிறகு ஊருக்குள்ள எந்தப் பக்கம் எண்டு கேப்பினம். ஆரின்ர சொந்தம் எண்டு கேப்பினம். அதுக்குள்ள பிடிச்சிடுவினம்."

வெள்ளைக்காரனுக்கு வேறு தலைவலி. சீக்கியப் பெண் என்பதால் நான் கௌர், அப்பா சிங், என் கணவர் சுந்தருக்கு அவர் அப்பா பெயர்தான் குடும்பப் பெயர், நிலாவுக்கு சுந்தர். குடியுரிமை நேர்காணலில் அந்த அதிகாரி எங்களை ஏறிட்டுப் பார்த்து, நீங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்தானா என்று கேட்டார். ஆமாம், எங்களில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது என்று விளக்கினேன். பாவம், அவர் கேட்டது பெயருக்காக மட்டும்தான். பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிக்க அவருக்குத் தெரியாது.

சாமி போய்விட்டார். மிஞ்சியது கையில் ஒரு இரும்பு வளையும் அந்தப் பந்தியும்தான். எனக்குத் தெரிந்த ஒழுக்கம் மொத்தமும் அந்தப் பந்திக்குள் அடங்கிவிடும். பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் நகராதே, நீட்டுகிறவனுக்குப் போடு, போட்டதைச் சாப்பிடு. இதைச் செய்ய மேலே ஒருத்தர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் பார்க்கிற வேலையே இதற்கு நேர் எதிர். குழந்தைகள் காப்பகம் ஒன்றை நடத்துகிறேன். மத்தியானம் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, அவரவர் டப்பாவை அவரவர் சாப்பிட வேண்டும், பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது என்று காவல் காப்பேன். ஒருத்திக்கு நிலக்கடலை ஆகாது, ஒருத்தனுக்கு முட்டை ஆகாது. கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. நாலு வயதுப் பிள்ளைகள் குனிந்து தங்கள் தங்கள் மூடியைத் திறப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

4

ஹரிஸ் பார்க்கிலிருந்து வந்த அன்று வீட்டில் பஞ்சாயத்து கூடியது.

சுந்தர் ஈரோட்டுக்காரர், நல்லவர், சண்டை என்றால் காத தூரம். கூகுளில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, ஜாட் என்று சொல்லிவிடலாம் என்றார். நிலம் வைத்திருக்கிறவர்களாம், மரியாதையான ஆட்களாம், யார் போய் ஜலந்தரில் விசாரிக்கப்போகிறார்கள் என்றார். பொள்ளாச்சியில் விசாரிக்கவில்லையா என்று கேட்டேன். போனை மேஜையில் வைத்துவிட்டுக் காபி போடப் போனார்.

உண்மை என்னவென்றால் எனக்கும் தெரியாது. அப்பா சொன்னதில்லை, நான் கேட்டதில்லை. ஜலந்தரில் அப்பாவின் அண்ணன் மகன் இருக்கிறான். வாட்ஸப்பில் ஒரு வார்த்தை கேட்டால் போதும், சொல்லிவிடுவான். அவன் பெயர்வரைக்கும் என் விரல் போனது. என்ன பதில் வந்தால் நிம்மதியாக இருக்கும் என்று மனசு ஒரு கணம் கணக்குப் போட்டதே, அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

நிலாதான் கத்தினாள். அவள் எப்போதும்போல் இங்கிலீஷில்தான் கத்தினாள். நான் தமிழில் பேச, அவள் இங்கிலீஷில் பதில் சொல்ல, இப்படியே இருபத்துச் சொச்சம் வருஷம் ஓடிவிட்டது. இது ஒரு முட்டாள்தனமான கேள்வி, முட்டாள்தனமான கேள்விக்கு ஒரு முட்டாள்தனமான பதிலைச் சொன்னால் என்ன, எதையாவது சொல்லிவிட்டுப் போங்கள், யாருக்கு என்ன வந்தது என்றாள். கார்த்திக்குக்கு இதிலெல்லாம் நம்பிக்கையே கிடையாதாம், அவன் அம்மாவுக்காகத்தானாம்.

"அப்ப அவன் அம்மாகிட்ட அவனே சொல்லலாமே?" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். உங்கள் கொள்கைக்கு என் வாழ்க்கைதான் கிடைத்ததா என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என் மகளின் கல்யாணம் நிற்கும். வாயைத் திறந்து பொய் சொன்னால் என் அப்பாவை அவர் பேத்தியின் கல்யாணப் பந்தலிலேயே கொன்ற மாதிரி ஆகும்.

அடுத்த வாரம் அப்பாவின் நினைவு நாள். வருஷா வருஷம் அன்றைக்கு குருத்வாராவில் லங்கர் சமைப்பது எங்கள் வீட்டுப் பொறுப்பு. நான் விஜி மேடத்துக்கு போன் போட்டு, குடும்பத்தோடு வாருங்கள், சாப்பிடுங்கள், சாப்பிட்டு முடித்ததும் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். ஓ, கண்டிப்பா, சீக்கிய டெம்பிள் பார்த்ததே இல்லை என்று குதூகலித்தார்.

தெரியாது என்பதுதான் நான் சொல்ல இருந்த பதில். தெரிந்துகொள்ளப் போவதும் இல்லை. ஆனால் முதலில் பந்தி.

5

வந்தார்கள். பட்டுத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு வாசலிலேயே ஒரு செல்ஃபி. செருப்பைப் பொது அலமாரியில் வைக்க மனம் வராமல் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார் விஜி மேடம். சாப்பாட்டுக் கூடத்துக்குள் வந்ததும் நாற்காலி உண்டா என்று கேட்டார். முட்டி வலியாம். ஹெலன்ஸ்பர்க்கில் திருக்கல்யாண உற்சவத்துக்கு முதல் வரிசையில் சம்மணம் போட்டு முழு நேரமும் உட்கார்ந்த அதே முட்டி. சுவர் ஓரமாக வயசானவர்களுக்கு பெஞ்சு இருக்கிறது என்று காட்டினேன். பெஞ்சில் ஒரு டாக்ஸி டிரைவர் பெரியவரும், சிமென்ட் ஒட்டின பேன்ட்டோடு கட்டட வேலைக்காரர் ஒருவரும் இருந்தார்கள். பார்த்துவிட்டுத் தரையே பரவாயில்லை என்றார். முட்டி உடனே குணமாகிவிட்டது. அற்புதம் நடக்கிற இடம்தான் போலிருக்கிறது.

வரிசையில் நான், பக்கத்தில் கார்த்திக், அவனுக்கு அந்தப் பக்கம் விஜி மேடம், கடைசியில் அவர் கணவர். நிலா காலையிலிருந்து உள்ளே ரொட்டி சுட்டுவிட்டு, இப்போது கூடையோடு வரிசையில் பரிமாறிக்கொண்டு வந்தாள். தலையில் துணி கட்டி, முகமெல்லாம் அடுப்பு வெக்கையில் சிவந்து. கார்த்திக் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை நான் பார்த்ததில்லை.

தட்டில் பருப்பு விழுந்தது. விஜி மேடம் தட்டை லேசாகத் தள்ளி வைத்தார். கைப்பையைத் திறந்தார். செருப்புப் பைக்குப் பக்கத்திலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்தார்.

"தயிர் சாதம் கொண்டு வந்துட்டேன், குர்மீத். எனக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது. தப்பா நினைச்சுக்காதீங்க."

பிறந்ததிலிருந்து லங்கரில் உட்காருகிறேன். பசியில்லாமல் வருகிறவரைப் பார்த்திருக்கிறேன், கோபத்தில் எழுந்து போகிறவரைப் பார்த்திருக்கிறேன். டப்பா கட்டிக்கொண்டு வந்தவரை அன்றுதான் பார்த்தேன். மீன் இல்லை, கறி இல்லை, முட்டை இல்லை. பருப்பும் ரொட்டியும் பால் பாயசமும். அதில் என்ன ஒத்துக்காதோ! சமைத்த கை எது என்று தெரியாததுதான் ஒத்துக்காது. அதைச் சொல்ல மட்டும் வாய் வராது.

அவர் கணவர் பாவம், அந்தப் பக்கத்திலிருந்து வேறொருவர் கொண்டுவந்த ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி வாங்கிச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். விஜி மேடம் பார்த்த பார்வையில் அவர் எரிந்திருக்க வேண்டும். அவர் எரியாமல் பாயசம் கேட்டார்.

அதுவரைக்கும் எனக்குச் சிரிப்புத்தான். அப்போது விஜி மேடம் பைக்குள் மறுபடியும் கையை விட்டார். இன்னொரு டப்பா. அதை மகனின் தட்டுக்கு முன்னால் வைத்தார்.

நான் கார்த்திக்கையே பார்த்தேன். கடவுள் இல்லை என்று இவ்வளவு நேரம் வாய் கிழியப் பேசியவள், அந்த நிமிஷம் யாரையோ கும்பிட்டேன். தள்ளி வைடா. வேண்டாம்மா என்று சொல். ஒரு வார்த்தை. என் சமையலறையில் உட்கார்ந்து மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டவன்தானே நீ.

அவன் தட்டிலிருந்த பருப்பைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். குனிந்து மூடியைத் திறந்தான். மேலே மாதுளை முத்து தூவி, கடுகு தாளித்த தயிர் சாதம். என் காப்பகத்துப் பிள்ளைகள் அப்படித்தான் திறப்பார்கள். அவர்களுக்கு நாலு வயது.

நிலா என்னைத் தாண்டி அவன் முன்னால் வந்து நின்றாள். கூடையிலிருந்து ரொட்டியை எடுத்து நீட்டியபடி நின்றாள். அவன் கையில் ஸ்பூன் இருந்தது. நிமிராமலே, "ஐ ஆம் குட், தேங்க்ஸ்" என்றான். ஹோட்டலில் சர்வரிடம் வேண்டாம் என்று சொல்வதுபோல. நல்லவனா கெட்டவனா என்று அவனை யாரும் கேட்கவில்லை.

ரொட்டி அவள் கையில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அப்புறம் நகர்ந்து போய், நீட்டியிருந்த அடுத்த கைகளில் அதைப் போட்டாள். வரிசை முடிகிறவரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அன்றைக்கு யாருக்கும் எந்தப் பதிலும் சொல்லவில்லை. சாப்பிட்டால்தானே பேச்சு.

6

மறுநாள் சாயங்காலம் விஜி மேடம் போன் செய்தார். நிலா சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. கார்த்திக் அனுப்பிய மெசேஜ்களை முந்தின நாளிலிருந்து திறக்கவில்லை. நான் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

டெம்பிள் ரொம்ப க்ளீனாக இருந்ததாம். போட்டோவுக்கு நிறைய லைக் வந்ததாம். அவர் கணவருக்குக் கொஞ்சம் வயிறு மந்தமாம், அவ்வளவுதானாம். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நேத்து சொல்றேன்னீங்களே குர்மீத், நீங்க இன்னும் சொல்லலையே. நிச்சயதார்த்தத்துக்கு ஊர்ல பெரியவங்க கேப்பாங்க. நீங்க எந்த ஆளுங்க?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நிலா எழுந்து வந்து போனை எடுத்துக்கொண்டாள். தமிழில் பேசினாள். தடுக்கித் தடுக்கி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"ஆன்ட்டி, நாங்க ரெண்டு கையையும் நீட்டற ஜாதி. உங்க பையனுக்கு அது வரலை. விட்டுடுங்க."

போனை என் கையில் கொடுத்துவிட்டு பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அவள் அழுவது கேட்டது. சுந்தர் கதவுக்கு வெளியே துண்டை வைத்துக்கொண்டு நின்றார். போனில் விஜி மேடம் இன்னும் ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நெஞ்சே வெடித்துவிடும் போலவும் இருந்தது. யாரையாவது நிறுத்திவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருந்தது. அதற்காவது அந்தக் கடவுள் இருந்து தொலைத்திருக்கலாம்.